ஓரட்டிலுண்ணும் உயிர்

உயர்தரம் படிப்பதற்காகக் கண்டியில் சாச்சி வீட்டில் தங்கியிருக்கிறேன். விருந்துக்கு வந்த ஒருவர், "இவ இங்க ஒட்டுண்ணியா?" என்று பகிடி பண்ணினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் உயிரியல் மாணவிக்கு அந்தச் சொல் இலேசில் மறந்துவிடுமா?

கடற்புழுக்களின் உடலில் ஒட்டி வாழும் லொக்சோசொமெல்லாவைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரும் இராது. ஒரு காம்பு, அதன் நுனியில் கிண்ணம் போன்ற உடல், விளிம்பில் பரிசக்கொம்பு வளையம். வாயும் குதமும் அந்த வளையத்துக்குள்ளேயே இருக்கின்றன! 'உள்ளே குதமுடையவை' என்று பொருள்படும் என்டொப்ரொக்டா கணத்தைச் சேர்ந்தது இது.

ஒட்டியிருந்தாலும் புழுவின் சதையை இது தின்பதில்லை. பரிசக்கொம்புகளிலுள்ள பிசிர்கள் அசைந்து, நீரிலுள்ள நுண்துணிக்கைகளை வடித்தெடுக்கின்றன. புழு சுவாசிப்பதற்காக வளையினுள் ஓடவிடும் நீர் இதற்கும் உணவு கொண்டுவருகிறது. உடலில் தோன்றும் அரும்புகள் முற்றியதும் கழன்று தனியுயிராகின்றன. எனவே இது ஒட்டுண்ணியல்ல. நம் பாடநூல் இவ்வாழ்வை ஓரட்டிலுண்ணல் என்கிறது. அட்டில் என்றால் சமையலறை. ஒரே சஹனைச் சுற்றி உட்காரும் நமக்கு அதை விளக்கவேண்டியதில்லை.

இன்னொரு வகை உறவும் உண்டு. 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன் இலங்கைக் கடலில் சேகரித்தவற்றுள், புழுவோடு சேர்ந்து வாழும் சிறு தனிப் பவளங்களும் இருந்தன. பவளம் புழுவுக்கு வீடு. புழுவோ, பவளம் மணலில் புதைந்துவிடாமல் அதை இழுத்துத் திரிகிறது.

சாச்சியின் பிள்ளைகளுக்கு இரவில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது நான்தான். அடுத்த விருந்தில் அவர் கேட்டால், பவளம் என்று சொல்வேன்.