பச்சிளங் குழந்தையின் வாயில் தோன்றும் கட்டிகள்

வட்டார வளர்ச்சி அதிகாரிக்கும் குழந்தையின் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் வினவலாம். பிறந்த சிசுவின் வாயில் ஒரு முடிச்சைக் கண்டவுடன் உற்றார் கூடி ஆளுக்கொரு யோசனை கூறுவது நம் கிராமங்களில் வழக்கம். சில வேளைகளில் கட்டியைவிட அந்த யோசனைகளே அதிகத் தீங்கு விளைவிக்கின்றன. ஆதலின் இதை எழுதலாயிற்று.

மேலண்ணத்தின் நடுக்கோட்டில் அரிசிக் குருணையளவில் தெரியும் வெண்ணிற மணிகள் மிகப் பல குழந்தைகளிடம் காணப்படுபவை. இவற்றுக்குச் சிகிச்சையே வேண்டுவதில்லை. சில வாரங்களில் தாமே மறையும். ஈறுகளின் மீது தோன்றும் இத்தகைய மணிகளும் அவ்வாறே. இவற்றைப் பல்லென்றெண்ணி அஞ்சுவோரும் உண்டு.

மிக அரிதாகக் காணப்படுவது பிறவி ஈறுக்கட்டி. 1871-ஆம் ஆண்டில் நியூமன் என்ற ஜெர்மானிய மருத்துவ அறிஞர் இதனை விவரித்தார். இளஞ்சிவப்பு நிறமாய், வழவழப்பாய், பெரும்பாலும் ஒரு காம்புடன் ஈறிலிருந்து தொங்கும். பெண் குழந்தைகளிடமே அதிகம். கீழ்த்தாடையைவிட மேல்தாடையில் மிகுதி. பார்வைக்குப் பயங்கரமாயிருப்பினும் இது புற்றுநோயன்று. பிறந்த பின்னர் பொதுவாக வளர்வதுமில்லை. சிறியவை சில தாமே சுருங்கியதும் உண்டு. தாய் கிரகணத்தன்று வெளியே வந்ததன் பயன் இது என்று அவளைப் பழிப்பது சற்றும் ஆதாரமற்ற கொடுமை.

முதலில் கவனிக்க வேண்டியவை இரண்டே: குழந்தை மூச்சுவிடுகிறதா, பால் அருந்துகிறதா? மூச்சுக்குத் தடையிருப்பின் ஒரு கணமும் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மார்பைப் பற்ற இயலாவிடில், தாய்ப்பாலைக் கறந்து பாலாடையால் புகட்டும் முறையைச் செவிலியர் கற்பிப்பார். கட்டி பெரிதாயின் அறுவை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து அதை அகற்றுவார். சதையைச் சோதனைக்கும் அனுப்புவார். அகற்றிய கட்டி மீண்டும் தோன்றுவதில்லை. இடரின்றிப் பால் குடிக்கும் குழந்தையாயின் பொறுத்திருந்து பார்ப்பதும் ஒரு சிகிச்சை முறையே. எனினும் அதனை மருத்துவர் தீர்மானிக்க வேண்டுமேயன்றிப் பக்கத்து வீட்டாரல்லர்.

ஊசியால் குத்துதல், உப்பிட்டுத் தேய்த்தல், நூலால் இறுகக் கட்டுதல் ஆகியவை அறவே கூடா. பிறந்த சில நாட்களுக்குச் சிசுவின் உடலில் வைட்டமின் கே குறைவாதலின் இரத்தம் எளிதில் உறையாது. பிறந்தவுடன் அந்த ஊசி மருந்து போடப்படுவது இதன் பொருட்டே. வீட்டில் பிரசவமான குழந்தைக்கு அது விடுபட்டிருக்கக் கூடும். மருத்துவரிடம் இதனைத் தவறாது தெரிவித்தல் வேண்டும்.

செலவை எண்ணித் தயங்குவோர் அறிய வேண்டியதொன்று: 2011-இல் தொடங்கப்பெற்ற ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, நோயுற்ற பச்சிளங் குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம், அங்கு கொண்டு செல்லும் வாகனமும் இலவசம்.