வாடகை வீட்டில் ஸ்மார்ட் கருவிகள்: ஆணி அடிக்காமல், வயரைத் தொடாமல்

வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றங்கரை ஊர்களில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் ஏராளம். சி.எம்.சி.யில் மாதக்கணக்கில் வைத்தியம் பார்க்க வந்து தோட்டப்பாளையத்தில் தங்குபவர்கள், வி.ஐ.டி.க்காகக் காட்பாடிப் பக்கம் வீடு எடுத்த மாணவர்கள், ஷூ கம்பெனி வேலைக்காக ஆம்பூரில் ஒரு போர்ஷன் பிடித்த குடும்பங்கள் என்று பலவகை. இவர்களில் பலருக்கு அது நிலையான வீடு அல்ல. அதனால், காலி செய்யும் நாளில் ஒரே அட்டைப்பெட்டியில் அடங்கி நம்மோடு கிளம்பிவிடக்கூடிய கருவிகளை மட்டும் வாங்குங்கள். கீழே உள்ள குறிப்புகளெல்லாம் இதை மனதில் வைத்து எழுதியவை.

1. ஹவுஸ் ஓனரிடம் முதலில் பேசுங்கள். பேசியதை வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் வாங்கும் வீடுகளும் உண்டு. அட்வான்ஸ் பெரிதாக இருந்தால், சுவரில் விழும் ஒவ்வொரு ஓட்டையும் பிடித்தத்துக்குக் காரணமாகிவிடும். குடிபுகும் நாளிலேயே சுவர், சுவிட்ச் போர்டு, கதவு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

2. ஸ்மார்ட் பிளக்கிலிருந்து தொடங்குவது நல்லது. சாக்கெட்டில் செருகினால் வேலை முடிந்தது, எலக்ட்ரீஷியன் தேவையில்லை. ஆனால் வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் ஆம்பியரைப் பாருங்கள். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் சுமார் 1,380 வாட்; 16 ஆம்பியர் என்றால் 3,680 வாட். 2,000 வாட் கீசர் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். ஆகவே கீசருக்கும் ஏ.சி.க்கும் 16 ஆம்பியர் பிளக்தான், அதுவும் பெரிய சாக்கெட்டில் நேராகச் செருகியதுதான். நடுவில் அடாப்டர் போட்டுச் சின்ன சாக்கெட்டில் மாட்டுவது பழைய வயரிங் உள்ள வீடுகளில் சாக்கெட் உருகுவதில் போய் முடியும்.

கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க அதிகாலையில் எழும் வீட்டில், கீசரைக் குளிக்கும் நேரத்துக்கு இருபது நிமிடம் முன் போட்டுத் தானாக அணைய வைப்பது பெரிய உதவி. நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் கீசர் காயிலின் மேல் சுண்ணாம்பு படியும்; சூடாகும் நேரம் மெல்லக் கூடிக்கொண்டே போனால் காயிலைச் சுத்தம் செய்ய ஆளைக் கூப்பிடுங்கள். இஸ்திரிப்பெட்டி, இண்டக்ஷன் அடுப்பு இரண்டையும் ஸ்மார்ட் பிளக்கில் மாட்டவே வேண்டாம். பக்கத்தில் ஆள் இல்லாதபோது சூடாகக்கூடிய எதையும் தூரத்திலிருந்து போடக் கூடாது.

3. ஸ்மார்ட் பல்பு வாங்கினால், வீட்டு ஹோல்டர் இரண்டு முள் மாட்டும் வகையா திருகும் வகையா என்று பார்த்து வாங்குங்கள். சுவரில் உள்ள சுவிட்சை யாராவது அணைத்துவிட்டால் பல்பு செயலிக்குக் கட்டுப்படாது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அந்த சுவிட்சை அணைக்கத்தான் செய்வார்கள். பல ஆண்டுப் பழக்கம் அது, மாற்றச் சொல்வது நியாயம் இல்லை. அவர்கள் புழங்கும் அறைகளை விட்டுவிட்டு, மாடிப்படி, வாசல் விளக்குகளுக்கு மட்டும் ஸ்மார்ட் பல்பு போடுங்கள்.

4. கரண்ட் போய் வந்த பிறகு கருவி என்ன செய்யும் என்பதை முதல் நாளே செயலியில் தேடி மாற்றுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு ஈ.பி. பகல் முழுக்க நிறுத்துகிற ஊர் நம்முடையது. பல பல்புகள் கரண்ட் வந்ததும் தாமாக எரிய ஆரம்பிக்கும். நள்ளிரவில் வந்தால் நோயாளியின் தூக்கம் கெடும். கீசர் பிளக்கைக் கட்டாயம் ‘அணைந்தே இருக்கும்’ நிலையில் வையுங்கள். ஆள் இல்லாத வீட்டில் கீசர் மணிக்கணக்கில் ஓடுவது ஆபத்து.

5. இருக்கும் ஏ.சி., டி.வி.யை மாற்ற வேண்டியதில்லை. ரிமோட்டின் வேலையைச் செய்யும் ஐ.ஆர். பிளாஸ்டர் என்ற சின்னப் பெட்டி போதும். ஏ.சி.க்கு நேரெதிரே, திரை மறைக்காத இடத்தில் வையுங்கள்.

6. வைஃபை சிக்கல்தான் அதிகம் பேரை அலைக்கழிக்கிறது. பெரும்பாலான ஸ்மார்ட் கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும். ரவுட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் காட்டினால், கருவியை இணைக்கும் நேரத்துக்கு மட்டும் 5 கிகாஹெர்ட்ஸை அணைத்து வையுங்கள். ஓனர் வீட்டு வைஃபையைப் பயன்படுத்தினால், விருந்தினர் இணைப்பு ஒன்றைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். ரவுட்டருக்கு ஒரு மினி யு.பி.எஸ். நல்லது, ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் கரண்ட் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

7. தண்ணீர் மோட்டார் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஒரு குதிரைத்திறன் என்றால் கணக்குக்கு 746 வாட்தான், ஆனால் கிளம்பும் நொடியில் மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும். சாதாரண ஸ்மார்ட் பிளக்கின் உள்ளே உள்ள ரிலே அதில் ஒட்டிக்கொண்டால், செயலியில் அணைத்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். காண்டாக்டர் வைத்து எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை அது. மோட்டாரும் பெரும்பாலும் எல்லாப் போர்ஷனுக்கும் பொது, ஓனருடையது.

குடித்தனக்காரர் செய்யக்கூடியது, டேங்க் நிறைந்தால் கூவும் அலாரம் ஒன்றை வைப்பது. அதை வாங்கும்போது உலோகக் கம்பி தண்ணீருக்குள் தொங்கும் வகையைத் தவிர்த்து, மிதவை வகையை வாங்குங்கள். நம் போர் தண்ணீரில் கம்பியின் மேல் வெள்ளையாக உப்பு படிந்து, சில மாதத்தில் அளவைத் தவறாகக் காட்டும். கம்பி வகைதான் ஏற்கெனவே இருக்கிறது என்றால் டேங்க் கழுவும்போதெல்லாம் அதையும் வினிகரில் ஊறவைத்துத் துடையுங்கள்.

8. செலவு செய்ய ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், கேஸ் கசிவு அலாரம் வாங்குங்கள் என்பேன். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். எனவே அலாரத்தைத் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு அடி உயரத்தில் வைக்க வேண்டும். சிலர் அடுப்புக்கு மேலே மாட்டுகிறார்கள். அங்கே அது தாமதமாகத்தான் உணரும்.

ஆம்பூர்ப் பக்கம் பெண்கள் வீட்டிலேயே ஷூ அப்பர் தைக்கிறார்கள். ஒட்டும் வேலையும் வீட்டில் நடந்தால், அந்த சொல்யூஷனின் ஆவி பட்டும் அலாரம் அலறக்கூடும். அதற்காக அலாரத்தைக் கழற்றிவிடாதீர்கள். ஒட்டும் வேலையைச் சமையலறையிலிருந்து தள்ளி, ஜன்னல் பக்கம் மாற்றுங்கள்; அந்த ஆவி சுவாசிக்கும் நமக்கும் கெடுதல்தான்.

அலாரம் அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போனிலிருந்து ஃபேன் போடுவதும் கூடாது, ஸ்மார்ட் பிளக்கின் உள்ளேயும் பொறி பறக்கும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906 எண்ணைக் கூப்பிடுங்கள்.

9. டேனரிகளுக்குப் பக்கத்தில் வீடா? தோலிலிருந்து மயிர் நீக்க சோடியம் சல்ஃபைடு பயன்படுத்துகிறார்கள். கழிவுநீரிலிருந்து அழுகிய முட்டை வாடையோடு கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்யும். வாடை வழக்கமாக வரும் தெருவில், பிளக் முள்ளையும் சாக்கெட்டையும் அவ்வப்போது கவனியுங்கள். கறுத்துப்போய், தொட்டால் சூடாக இருந்தால் அந்த சாக்கெட்டை மாற்றச் சொல்லி ஓனரிடம் கேளுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கடையில் விற்கும் மலிவான காற்றுத்தரக் கருவிகள் பல, நுண்துகளை மட்டுமே அளக்கின்றன. திரையில் பச்சை நிறம் காட்டினால் இந்த வாயு இல்லை என்று அர்த்தம் ஆகாது. மூக்கு சொல்வதை நம்புங்கள்.

10. வேலூர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வது அதற்குக் கேடு. பேட்டரி கேமராவை மேற்குச் சுவரிலோ மொட்டை மாடியிலோ வைக்காதீர்கள். இருபக்க டேப்பும் அந்தச் சூட்டில் இளகும். சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒட்டவே ஒட்டாது, பொருக்கோடு உரிந்து வரும். கிரில் கேட் உள்ள வீட்டில் காந்த அடிப்பாகம் உள்ள கேமரா நன்றாக நிற்கும்.

11. கேமரா எங்கே பார்க்கிறது என்பது அக்கம்பக்கத்து மரியாதை சம்பந்தப்பட்டது. பொது மாடிப்படி, எதிர் வீட்டு வாசல், கூட்டு முற்றம் எதுவும் அதில் விழக் கூடாது. ஆம்பூர், மேல்விஷாரம், பேர்ணாம்பட்டில் கோஷா பார்க்கும் வீடுகள் பல. எதிர் வாசலில் நம் கேமரா இருந்தால், அந்த வீட்டுப் பெண்கள் தங்கள் வாசலுக்கே வர முடியாமல் போகும். உங்கள் கதவுக்கு உள்பக்கம், வாசலைப் பார்த்து வையுங்கள். திருட்டு பயம்தான் காரணம் என்றால், கதவு திறந்தால் போனுக்குச் செய்தி அனுப்பும் சின்ன சென்சார் பெரும்பாலும் போதும். வயதான அம்மாவைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று உள்ளே கேமரா வைத்தால் அவரிடம் சொல்லிவிட்டு வையுங்கள். படுக்கையறையில் வைக்கவே வேண்டாம்.

12. கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற கெடுநிரல், பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றி உலகின் பெரிய இணையதளங்களையே முடக்கியது.

13. அலெக்ஸா 2019 முதல் இந்தியும் பேசுகிறது. வாணியம்பாடி, ஆம்பூர் வீடுகளில் உருது பேசும் பாட்டிமார்களுக்கு அதில் விளக்குப் போடச் சொல்வது எளிது. நோன்பு மாதத்தில் சஹருக்கு அரை மணி முன்னதாகவே சமையலறை விளக்கு எரியும்படி நேரம் வைத்துவிடலாம்.

14. யூனிட் அளக்கும் பிளக்கை ஒரு வாரம் ஃபிரிட்ஜில் போட்டுப் பாருங்கள். 2,000 வாட் கீசர் அரை மணி ஓடினால் ஒரு யூனிட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை, சப்-மீட்டரில் ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் வீட்டில் உங்களுக்கு வராமல் போகலாம். கணக்குக் கையில் இருந்தால் பேசுவது சுலபம்.

15. காலி செய்யும்போது ஒவ்வொரு கருவியையும் செயலியிலிருந்து நீக்கி, ரீசெட் பட்டனை அழுத்தி, கேமராவின் மெமரி கார்டை எடுத்துவிடுங்கள். முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன கருவி ஏதாவது வீட்டில் இருந்தால், குடிபுகும் அன்றே அதையும் ரீசெட் செய்யுங்கள். செய்ய முடியாவிட்டால் கழற்றி ஓனரிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டோடு வந்த பழைய பல்புகளைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் கட்டிப் பரணில் வையுங்கள். சாவியை ஒப்படைக்கும் முன் அவற்றைத் திரும்ப மாட்ட வேண்டும்.