'செக்யுலர்': ஒரு சொல்லின் வரலாறு

இயற்பியலில் புவிக்காந்தம் பற்றிப் படிக்கும்போது 'செக்யுலர் மாற்றம்' என்றொரு தொடர் வருகிறது. இதே 'செக்யுலர்' நம் அரசியலமைப்பின் முகவுரையிலும் உள்ளது. அங்கே அதற்குச் 'சமயச்சார்பற்ற' என்பது பொருள். காந்தத்திற்கு ஏது சமயம்? இந்த ஐயத்தை வீட்டில் சொன்னபோது, "செக்யுலர் என்றால் சாமி இல்லை என்பதா?" என்று அப்பா கேட்டார். இரண்டு கேள்விகளுக்கும் விடை அச்சொல்லின் வேரிலேயே இருக்கிறது.

'சேக்குலும்' என்னும் லத்தீன் சொல்லே இதன் தாய். ஒரு தலைமுறை, ஒரு மனிதனின் நீண்ட ஆயுட்காலம் என்பன அதன் பொருள்கள். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 17-இல், ஒரு சேக்குலும் முடிந்து மற்றொன்று பிறப்பதைப் பெருவிழாவாகக் கொண்டாடினார். அன்று அது 110 ஆண்டுகளாகக் கணக்கிடப்பட்டது.

அறிவியல் இப்பழைய பொருளையே எடுத்துக்கொண்டது. லண்டனில் 1580-இல் காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து சுமார் 11 டிகிரி கிழக்கே விலகி நின்றது. 1634-இல் ஹென்றி ஜெல்லிபிராண்ட் அளந்தபோது அவ்விலகல் சுமார் 4 டிகிரியாகக் குறைந்திருந்தது. நாள்கணக்கில் அன்றி, தலைமுறைக் கணக்கில் நிகழும் மாற்றம் இது. எனவேதான் இதற்கு 'செக்யுலர்' என்று பெயர்.

கிறித்தவ அறிஞர்களோ, என்றுமுள்ள இறைவனுக்கு எதிரே, காலத்திற்கு உட்பட்ட இவ்வுலகைச் சேக்குலும் என்றனர். மடத்து விதிகளுக்கு உட்பட்டு வாழ்ந்த துறவியர் 'ரெகுலர்' எனப்பட்டனர். ஊர்மக்களிடையே பணிபுரிந்த குருமார் 'செக்யுலர்' எனப்பட்டனர். ஆக, இறைத்தொண்டரையே குறித்த சொல் இது!

1851-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் 'செக்யுலரிசம்' என்னும் சொல்லைப் படைத்தார். மறுமையை நோக்காது, இவ்வுலக வாழ்வின் நலத்தையே அறத்திற்கு அடிப்படையாகக் கொள்வது அவரது கொள்கை. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தின் வழியாக 'செக்யுலர்' நம் முகவுரையில் இடம்பெற்றது. அரசு எச்சமயத்தையும் தன் சமயமாகக் கொள்ளாது, எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும் என்பதே இங்கு அதன் கருத்து.

அப்பாவுக்கு நான் சொன்ன விடை இதுதான்: கோயிலுக்குச் செல்பவரும், பள்ளிவாசலுக்குச் செல்பவரும், தேவாலயத்திற்குச் செல்பவரும், எங்கும் செல்லாதவரும் நம் தெருக் குழாயில் வரிசையாகத் தண்ணீர் பிடிக்கிறார்கள். குழாய் யாரிடமும் சமயம் கேட்பதில்லை. அரசும் அப்படி இருக்க வேண்டும். சாமி கும்பிடுவதும் கும்பிடாததும் அவரவர் உரிமை.