அன்றைய பட்ஜெட்டில் என்ன இருந்தது?

அன்புள்ள தம்பி,

"தலைவருங்க ஏண்ணே இப்படி வாய்க்கு வந்தபடி பேசுறாங்க, கேக்க ஆளே இல்லையா?" என்று எழுதியிருக்கிறாய். நியாயமான கேள்வி. ஆனால் அதே நாளில், உன் கட்சிப் பேச்சாளர் எதிர்க்கட்சிக்காரர் வீட்டுப் பெண்களை இழுத்துப் பேசிய வீடியோவையும் சிரிப்புப் பொம்மை போட்டு எனக்கு அனுப்பியிருக்கிறாய். முதலில் உன் காதைத் திருகிவிட்டுத்தான் பதில் எழுத வேண்டும்.

"அந்தக் காலத்துல இப்படியில்ல" என்கிறாயே, யாரடா சொன்னது உனக்கு? 1989 மார்ச் 25 அன்று சட்டமன்றத்தில் பட்ஜெட் வாசிக்க எழுந்தார் முதல்வர் கருணாநிதி. எதிர்வரிசையில் ஜெயலலிதா. வார்த்தை தடித்துக் கைகலப்பானது. தன் சேலையைப் பிடித்து இழுத்தார்கள் என்று சொல்லி, கலைந்த தலையோடு வெளியே வந்தார் ஜெயலலிதா. யார் ஆரம்பித்தது என்பதற்கு இன்றைக்கும் கட்சிக்கு ஒரு கதை இருக்கிறது. நான் கேட்பது வேறு. அன்றைய பட்ஜெட்டில் என்ன இருந்தது? உனக்குத் தெரியாது. உன் அப்பாவைக் கேட்டுப் பார், அவருக்கும் தெரியாது. மக்கள் பணத்தை ஒரு வருடம் எப்படிச் செலவழிப்பது என்ற கணக்கு, அந்தச் சண்டைக்கு அடியில் போய்விட்டது.

வசவு எப்போதும் வாய் தவறி வருவதில்லை தம்பி. கணக்குக் கேட்கும் இடத்தில் கூட்டத்தின் கவனத்தைத் திருப்ப அதைவிடச் சுலபமான வழி கிடையாது. 2021 தேர்தலில் தி.மு.க.வின் ஆ. ராசா, அப்போது முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமியின் பிறப்பை இழுத்துப் பேசினார். பழனிசாமி பிரசாரத்திலேயே கண் கலங்கினார். ராசா மன்னிப்புக் கேட்டார்; தேர்தல் ஆணையம் 48 மணி நேரம் பிரசாரத்துக்குத் தடை போட்டது. வாக்குப்பதிவு நெருங்கிவிட்ட நேரம். 10 வருட ஆட்சிக்குக் கணக்குக் கேட்டிருக்க வேண்டிய நாட்கள், ஒரு தாயின் மானத்தைப் பற்றிய பேச்சிலேயே போயின. இதனால் யாருக்கு லாபம், சொல்.

"கோர்ட் இருக்கே" என்பாய். இருக்கிறது. பா.ஜ.க.வின் எச். ராஜா 2018-ல் சமூக ஊடகத்தில் போட்ட அவதூறுப் பதிவுகளுக்கு 2024 டிசம்பரில்தான் சிறைத் தண்டனை தீர்ப்பு வந்தது. அதுவும் மேல்முறையீட்டுக்காக நிறுத்திவைக்கப்பட்டது. ஆறு வருடம்! அமைச்சராக இருந்த பொன்முடி விஷயத்தைப் பார். 2025 ஏப்ரலில் பெண்களையும் சைவ, வைணவத்தையும் சேர்த்து அவர் கேவலமாகப் பேசியது வெளியே வந்தது. எதிர்க்கட்சிகள் கண்டித்தன, அது எப்போதும் நடப்பதுதான். ஆனால் அவருடைய கட்சியின் கனிமொழியே ஏற்க முடியாது என்று வெளிப்படையாக எழுதினார். கட்சிப் பதவி உடனே பறிபோனது. நீதிமன்றமும் கேள்வி எழுப்பியது. மாதம் முடிவதற்குள் அமைச்சர் பதவியும் போனது. எதிரி கண்டித்தால் மேடைக்காரருக்கு அது விளம்பரம். சொந்த ஆள் முகம் சுளித்தால்தான் பயம் வருகிறது. நீ முகம் சுளிக்க வேண்டிய இடத்தில் சிரிப்புப் பொம்மை போடுகிறாய்.

உன் தொகுதியில் ஜெயித்த கு. பிச்சாண்டிதான் 2021 மே மாதம் துணை சபாநாயகரானார். அவையை நடத்தும்போது அந்த நாற்காலியில் இருப்பவர் தகாத சொல்லை அவைக் குறிப்பிலிருந்து நீக்கச் சொல்லலாம். கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போடுகிற மேடைக்கு சபாநாயகர் யார்? முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற நீதான்.

"அவன் திட்டினா நாம சும்மா இருக்கணுமாண்ணே?" என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய், தெரியும். சும்மா இருக்க யார் சொன்னது? தேர்தல் நடத்தை விதியே வழி காட்டுகிறது: கொள்கையை, திட்டத்தை, கடந்தகாலச் செயல்பாட்டை விமர்சி, சொந்த வாழ்க்கையை விட்டுவிடு. அந்த மூன்றில் கோபப்படுவதற்கா விஷயமில்லை? நம் மாவட்டத்து ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை; தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் சண்டை போடக்கூட ஊரில் தலைவர் இல்லாமல் போனார். உன் கட்சிக் கூட்டங்களில் இதை எத்தனை பேர் பேசினார்கள்? எதிர்க்கட்சிக்காரரின் வீட்டுப் பெண்களைப் பற்றி எத்தனை பேர்?

நீ பேரூராட்சிக்காரன், கேள்வி கேட்க உனக்குக் கிராமசபை கிடையாது. ஆனால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். உன் வார்டுக்குக் கடந்த வருடம் எவ்வளவு செலவானது, எதற்கு என்று கேள். உன் கட்சிக்காரருக்குச் சங்கடமாக இருந்தாலும் கேள். பதில் வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பு. அந்த வீடியோவை இன்றைக்கே அழித்துவிடு. யார் யாருக்கு அனுப்பினாயோ அவர்களிடமும் அழிக்கச் சொல்.

அன்புடன்,
அண்ணன்