நூறடிச் சங்கிலியும் ஒரு படை அதிகாரியும்

அறிவியல் ஆய்வு என்றவுடன் ஆய்வுக்கூடமும் கண்ணாடிக் குடுவையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. கூடாரத்தையும் மாட்டுவண்டியையும் யாரும் நினைப்பதில்லை. ஆனால் நம் நாட்டில் நடந்த மாபெரும் ஆய்வுகளுள் ஒன்றைத் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கு மேல் தலைமை தாங்கி நடத்தியவர் ஒரு காலாட்படை அதிகாரி. அவர்தாம் வில்லியம் லாம்ப்டன்.

இங்கிலாந்தில் யார்க்சயர் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். 33ஆம் படைப்பிரிவில் சேர்ந்து அமெரிக்க விடுதலைப் போருக்குச் சென்றார். பிறகு கனடா நாட்டு நியூ பிரன்சுவிக்கில் படைக் குடியிருப்புகளைக் கவனிக்கும் பணியில் பல ஆண்டுகள் கழித்தார். பதவி உயர்வு இல்லை. அந்த ஆண்டுகளில்தான் கணிதத்தையும் வானியலையும் நூல்களின் துணைகொண்டு தாமே கற்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆதலால் இந்தப் பகுதியை இரண்டு முறை படித்தேன்.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரின்போது ஓர் இரவு, படை தவறான திசையில் பகைவர் பக்கமே நடந்து கொண்டிருப்பதை விண்மீன்களைப் பார்த்துச் சொன்னவர் இவரே. போர் முடிந்ததும் தென்னிந்தியாவைக் குறுக்கே அளக்கும் திட்டத்தைக் கம்பெனி அரசுக்கு அளித்தார். கம்பெனிக்கு வேண்டியது படை நடத்தவும் வரி வாங்கவும் ஒரு வரைபடம். லாம்ப்டனுக்கு வேண்டியதோ பூமியின் உண்மையான வடிவம்! ஒருவர் செலவில் மற்றவர் ஆசை நிறைவேறியது எனலாம்.

முறை எளிது. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அப்பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் இன்னொன்று. முதற்பக்கம் பிழையானால் எல்லாமே பிழை. அந்த முதற்பக்கத்தை 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் அளந்தார். நூறடி எஃகுச் சங்கிலியை ஏறக்குறைய 400 முறை கிடத்த வேண்டும். வெயிலில் எஃகு நீளுமே? நம் நீள்விரிவுப் பாடத்தை வைத்து நானே கணக்கிட்டுப் பார்த்தேன். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் சங்கிலி ஏறத்தாழ 0.14 அங்குலம் நீளும். நானூறு முறைக்கு நாலரை அடிக்கு மேல்! இதனால்தான் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானிகளை வைத்துத் திருத்தம் செய்தார்.

கோணம் அளக்கும் தியோடலைட் அரை டன் எடை. அதைக் கொண்டுவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்து மொரீசியசுக்குக் கொண்டு போய்விட்டனர். அறிவியல் கருவி என்று அறிந்ததும் சென்னைக்கே அனுப்பி வைத்தனர். பகைவரிடமும் இந்தப் பண்பு!

1808இல் தஞ்சையில் வேறொரு சோதனை. காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லாமையால் கோயில் கோபுரங்களே துணை. பெரிய கோயில் விமானத்தின்மேல் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, அது சுவரில் மோதி வட்டம் நெளிந்துவிட்டது. வேறொருவராயின் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பார். லாம்ப்டன் ஆறு வாரம் அதனோடு அடைந்து கிடந்து, நெளிந்த வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து நிமிர்த்தினார். இருபது முப்பது பக்கங்களில் எழுதியிருக்கும் அவர் பெருமைகளைவிட இந்த ஆறு வாரம் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஆனால் கயிற்றை இழுத்தவர்கள் யார்? என் தாத்தா நில அளவைத் துறையில் செயின்மேன். வரப்பு வரப்பாகச் சங்கிலி இழுத்தவர். படத்தில் கையெழுத்திட்டவர் வேறொருவர். லாம்ப்டனின் சங்கிலியைச் சுமந்தவர்களும் கொடி பிடித்துக் குன்றேறியவர்களும் நம் ஊர்க்காரர்களே. அவர்கள் பெயர்களை நான் படித்த நூல்களில் தேடினேன், கிடைக்கவில்லை.

சென்னையிலிருந்து மங்களூர் வரை அளந்தபோது, பழைய படங்களில் 400 மைல் என்றிருந்த அகலம் 360 மைல்தான் எனத் தெரிந்தது. நாற்பது மைல் நிலம் காணாமற் போயிற்று! குமரி முனை அருகிலிருந்து வடக்கே பீதர் பகுதி வரை அவர் அளந்த கோடு ஏறக்குறைய பத்துப் பாகை நீண்டது. 1817இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1823 ஜனவரியில் நாகபுரிக்குச் செல்லும் வழியில், இங்கன்காட் என்ற ஊரில், எழுபது வயதளவில், பணியிலேயே இறந்தார். உதவியாளராயிருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் அதே கோட்டை இமயமலை அடிவாரம் வரை கொண்டு சென்று 1841இல் முடித்தார்.