ஐந்தாம் தந்தி யாருக்கு?

தம்பி,

நான்கு தந்தி பேஸ் கிட்டார் பழகுகிறவர்களுக்கு, ஐந்தும் ஆறும் தேர்ந்தவர்களுக்குத்தானே என்று கேட்டிருந்தாய். தந்திகளை எண்ணித் திறமையை அளக்கும் இந்த வழக்கத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனத்துக்கு ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தவற்றில் பெரும்பகுதி, 1962ஆம் ஆண்டின் ஃபெண்டர் பிரிசிஷன் ஒன்றில் பிறந்தது. தந்தி நான்கு, மீட்டியது சுட்டுவிரல் ஒன்று. மார்வின் கே பாடிய 'வாட்ஸ் கோயிங் ஆன்' பாட்டில் குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேள். ஜேமர்சன் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நேரே போகாமல், இடையிலுள்ள அரைச்சுரங்களையும் மிதித்துக்கொண்டு போகிறார். இடது கை இடம் மாறும் நொடியில் திறந்த தந்தியைத் தட்டி, அந்த இடைவெளியையே இசையாக்கிவிடுகிறார். இதில் எந்த இடத்தில் ஐந்தாம் தந்தி இல்லாத குறை தெரிகிறது? எனக்குத் தெரியவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு பேஸ் கலைஞர் ஆண்டனி ஜாக்சனுடையது. 1951இல் லியோ ஃபெண்டர் நான்கு தந்தி வைத்தது டபுள் பேஸைப் பார்த்து. ஆனால் கருவி கிட்டார் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆகவே ஆறு தந்திதான் முறை என்பது அவர் வாதம். கார்ல் தாம்சன் 1975இல் அவருக்கு அப்படியொன்றைச் செய்தும் கொடுத்தார். டபுள் பேஸே நான்கோடு நிறைவடையவில்லை என்பதையும் சேர்த்துக்கொள். செல்லோவின் அடி சுரத்தை ஓர் ஆக்டேவ் கீழே தொடர முடியாததால்தான் ஜெர்மன் இசைக்குழுக்கள் பலவற்றில் ஐந்து தந்தி டபுள் பேஸ் இருக்கிறது. ஆக, கூடுதல் தந்தி பகட்டு அல்ல. இசை கேட்ட சுரத்துக்கான விடை. இசை கேட்காதபோது அது வெறும் சுமை என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

அந்தச் சுமையைக் கணக்காகவே பார்க்கலாம். நான்கு தந்தி பேஸின் அடித் தந்தியான ஈயின் அதிர்வு சுமார் 41 ஹெர்ட்ஸ், ஐந்தாவதாகச் சேரும் தாழ்ந்த பி தந்தியுடையது சுமார் 31. நீளம் மாறாமல் அதே இறுக்கம் கிடைக்க வேண்டுமானால், 0.105 அங்குல ஈ தந்திக்குப் பக்கத்தில் பி தந்தி 0.140 அங்குலமாவது இருக்க வேண்டும். கடையில் வழக்கமாகக் கிடைப்பது 0.130. இறுக்கம் ஏழில் ஒரு பங்கு குறைந்து தந்தி தொளதொளக்கிறது. தந்தி நீளத்தை 34 அங்குலத்திலிருந்து 35 ஆக்கினாலும் ஆறு விழுக்காடுதான் திரும்பி வரும். போதாததற்கு, மேல் தந்திகளை வாசிக்கும்போதெல்லாம் பி தந்தி தானாக முனகும். அதைக் கட்டைவிரலால் அமுக்கியே வைத்திருக்க வேண்டும்.

ஈ தந்தியை டி வரை இறக்கினால் போதாதா என்பாய். ஐந்தாம் தந்தியால் புதிதாகக் கிடைக்கும் ஐந்து சுரங்களில் இரண்டு அப்படியே வந்துவிடும். ராக் வாசிப்பவருக்குப் பெரும்பாலும் அதுவே போதும். கோஸ்பெல் போல ஈ ஃபிளாட், டி ஃபிளாட் சுருதிகளில் புழங்கும் இசைக்குத்தான் ஐந்து தந்தி உண்மையில் கைகொடுக்கிறது. கழுத்தின் நடுவிலேயே கையை வைத்துக்கொண்டு தாழ்ந்த ஈ, எஃப், ஜி சுரங்களை எடுக்கலாம் என்ற வசதியும் உண்டு, மறுக்கவில்லை.

எனவே இந்த ஆண்டு நீ வாசிக்கப்போகும் பாட்டுகளின் அடி சுரங்களை முதலில் எழுதிப் பார். ஈக்குக் கீழே அடிக்கடி இறங்கினால் மட்டும் ஐந்து தந்தியைக் கையில் எடு. கடையில், பி தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டையும் திறந்த ஈ தந்தியையும் மாற்றி மாற்றி மீட்டு. இரண்டும் ஒரே சுரம். முதலாவது மட்டும் மங்கி, கலங்கிக் கேட்டால் அந்தக் கருவியை வைத்துவிட்டு வா.