ஆறாத கட்டியா? தொட்டித் தண்ணீரையும் கவனியுங்கள்



அழகு நிலையம், ஸ்பா வேலைக்கு வெளியூரும் வெளிநாடும் செல்லும் நம் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி இது.

2000ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் வாட்சன்வில் நகரில், ஒரே நிலையத்தில் பெடிக்யூர் செய்துகொண்ட நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் காலில் கட்டிகள் வந்தன. கால் ஊறவைக்கும் தொட்டிகளின் வடிகட்டிக்குப் பின்னால் முடியும் அழுக்கும் சேர்ந்து, மைக்கோபாக்டீரியம் ஃபார்டியூட்டம் என்ற கிருமி பெருகியிருந்தது. காலைச் சவரம் செய்துவிட்டு வந்தவர்களுக்கே பாதிப்பு அதிகம். நாளெல்லாம் அத்தகைய நீரில் கைவைக்கும் தொழிலாளிக்கும் இந்த ஆபத்து உண்டு.

இது காசநோய், தொழுநோய்க் கிருமிகளின் இனம். ஆனால் தண்ணீரிலும் மண்ணிலும் வாழ்வது. குளோரினுக்கு எளிதில் சாகாது. சிறு காயம் வழியே தோலுக்குள் புகும். ஆளிடமிருந்து ஆளுக்குப் பொதுவாகத் தொற்றாது. எனவே பாதிக்கப்பட்டவரை ஒதுக்கவும் வேண்டாம். வேலை போய்விடுமென்று அவர் மறைக்கவும் வேண்டாம்.

வழக்கமான காசநோய் மாத்திரைகள் இதற்குப் பலிக்காது. சதைத் துணுக்கைப் பரிசோதித்தே மருந்தை முடிவு செய்வார்கள். சிகிச்சை மாதக்கணக்கில் நீளலாம்.

கையுறை அணியுங்கள். தினமும் தொட்டியை வடித்து, வடிகட்டியைக் கழற்றித் தேய்த்து, கிருமிநாசினி இட்டு உலரவிடுங்கள். சில வாரங்களாகியும் ஆறாத கட்டியைக் கீறாமல், புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். செய்யும் வேலையை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நோயைக் கண்டுபிடிக்க அதுவே வழிகாட்டும்.

துணைக்கு ஆளில்லாதவர்கள் தெரிவித்தால் நாங்கள் உடன் வருவோம், இன்ஷா அல்லாஹ்.